ஆளும் சரக்கும் நகரும் தடத்தை ஆராய்வது எப்படி

ஒரு வட்டாரத்துக்குள் யார் எங்கே போய்வருகிறார்கள், எந்தச் சரக்கு எந்த வழியாகப் போய் எங்கே இறங்குகிறது என்பதை ஆராயப் பல துறைக்காரர்கள் சேர்ந்து கிளம்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. போக்குவரத்துப் பொறியாளர், பொருளியல் படித்தவர், புவியியல்காரர், மானிடவியல்காரர், வரலாற்றுக்காரர், கூடவே கோட் எழுதத் தெரிந்த ஒருவர். குழு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றரை வருஷம் கழித்து எல்லாரும் ஒரே மேசையில் அவரவர் எண்களைக் கொட்டும்போதுதான் தெரியவரும், ஒருவர் எண்ணியது வண்டியை, இன்னொருவர் எண்ணியது ஆளை, மூன்றாமவர் எண்ணியது பில்லை என்று. தரவு கிடைக்காமல் படுத்துவிடும் ஆய்வுகளைவிட, கிடைத்த தரவு ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும் ஆய்வுகள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் மென்பொருள், கணித மாதிரி இதற்கெல்லாம் முன்னால் செய்யவேண்டிய வேலைக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி ஒன்று போதும்

"இந்த வட்டாரத்தின் நகர்வை ஆராய்கிறோம்" என்று சொன்னால் அது நிதி கேட்கும் விண்ணப்பத்துக்குத் தலைப்பாகும், கேள்வியாகாது. எந்தத் துறையும் தனியாக நின்று பதில் சொல்ல முடியாத ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். கற்பனையாக ஒன்று சொல்கிறேன். ஓர் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டிச் சில வருஷமாகிறது, பாலத்தில் போனால் பாதி நேரம்தான் ஆகும், இருந்தும் சிறு வியாபாரிகளில் பலர் இன்னும் பழைய படகுத்துறை வழியாகவே சரக்கை அனுப்புகிறார்கள். ஏன்? பொறியாளர் பயண நேரத்தைக் கணக்குப் போட்டுவிட்டு இது நடக்கக்கூடாதே என்பார். பொருளியல்காரர் கட்டணத்தைப் பார்ப்பார், அதிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. படகுக்காரர் கடனுக்கு ஏற்றிக்கொள்கிறார், லாரிக்காரர் முதலிலேயே காசு கேட்கிறார் என்பது துறையில் நாள் முழுக்க உட்கார்ந்து பேசுகிற ஆளுக்குத்தான் தட்டுப்படும். மறுகரையில் கிடங்குகளெல்லாம் துறையை ஒட்டியே ஏன் இருக்கின்றன என்பதற்குப் பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறவர் வேண்டும். இப்படிப் பதிலின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொருவர் கையில் இருந்தால்தான் குழு கடைசிவரை குழுவாக இருக்கும். இல்லாவிட்டால் ஆளுக்கு ஓர் அத்தியாயம் எழுதிக் கொடுத்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

எதை எண்ணுகிறோம் என்று எழுதி வையுங்கள்

களத்துக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள். நகர்வது எது, எங்கே கிளம்பினால் கிளம்பியதாகக் கணக்கு, எங்கே நின்றால் முடிந்ததாகக் கணக்கு, எவ்வளவு நேரம் நின்றால் அது வெறும் நிறுத்தம், எவ்வளவு நேரத்துக்கு மேல் போனால் புதிய பயணம். கேட்க அற்பமாக இருக்கும், எழுத உட்கார்ந்தால் இரண்டு நாள் சண்டை நடக்கும். அந்தச் சண்டை முன்னாலேயே நடப்பது நல்லது.

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, குழந்தையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போகிறவர் செய்தது ஒரு பயணமா மூன்றா? வீட்டுக்கு வீடு போய் எடுக்கும் சர்வேக்களில் பெரும்பாலும் நோக்கம் மாறுகிற இடத்தில் ஒரு பயணம் முடிகிறது, ஆக மூன்று. டிக்கெட் தரவில் எத்தனை முறை பஸ் ஏறினாரோ அத்தனை. போன் தரவில் பள்ளியும் மருந்துக்கடையும் ஒரே டவருக்குக் கீழே இருந்தால் நடுவில் நின்றதே தெரியாது. படிவத்தில் எந்தப் பெட்டி இருக்கிறது என்பதும் விடையை மாற்றும். ஸ்பெயினைச் சேர்ந்த இனெஸ் சான்செஸ் தே மதாரியாகா, பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதற்காகவும் வீட்டு வேலைகளுக்காகவும் போய்வருவதைப் பராமரிப்புப் பயணம் என்று தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். வழக்கமான படிவங்கள் இவற்றைக் கடை, சொந்த வேலை, துணைக்குப் போவது, மற்றவை என்று சிதறடித்துவிடுவதால் ஒவ்வொன்றும் சில்லறையாகத் தெரிகிறது. ஒன்றாகச் சேர்த்தால், குறிப்பாகப் பெண்களின் போக்குவரத்தில், அது பெரிய பங்கு.

இடம்பெயர்கிறவர்களை எண்ணுவதில் சிக்கல் இன்னும் அதிகம். ஐநா 1998இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, வழக்கமாக வசிக்கும் நாட்டை விட்டு வேறு நாட்டில் குறைந்தது 12 மாதம் இருப்பவர் நீண்டகாலப் புலம்பெயர்ந்தவர். அப்படியானால் ஒவ்வொரு அறுவடைக்கும் நாலு மாதம் போய்விட்டுத் திரும்புகிறவர் யார்? ஒரு கணக்கில் அவர் குறுகியகாலப் பெயர்வு, இன்னொரு கணக்கில் வெறும் எல்லை தாண்டல், பல கணக்குகளில் ஆளே இல்லை. உங்கள் தாளில் அவருக்கு ஒரு வரி இருக்கவேண்டும்.

சரக்குக்கு அளவு எடையா, மதிப்பா, பெட்டி எண்ணிக்கையா? எடையில் பார்த்தால் உலக வணிகச் சரக்கில் விமானத்தில் போவது 1 சதவீதத்துக்கும் குறைவு, மதிப்பில் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரே விமானநிலையம் ஓர் அட்டவணையில் ஒன்றுமில்லாததாகவும் அடுத்ததில் முதலிடத்திலும் வரும். கன்டெய்னர் எண்ணிக்கையை எடுத்தால் காலிப் பெட்டிகளும் சேர்ந்து வரும், அதையும் மறக்கவேண்டாம். என்னைக் கேட்டால் எடை, மதிப்பு இரண்டையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் எடுப்பவர் ஏன் எடுத்தார் என்று எழுதித்தர வேண்டும் என்று குழுவுக்குள் ஒரு கட்டாயம் போடுங்கள்.

எல்லையை எங்கே போடுவது

நிர்வாக எல்லையையே வட்டார எல்லையாக எடுத்துக்கொள்வது எல்லாருக்கும் வசதி, புள்ளிவிவரம் அப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் கோடு மாறினால் விடை எவ்வளவு தூரம் மாறும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். ஸ்டான் ஓபன்ஷாவும் பீட்டர் டெய்லரும் 1979இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இருக்கும் 99 கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்றவை) விதவிதமாகச் சேர்த்துப் பெரிய மண்டலங்களாக்கி, முதியோர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சி வாக்கு விகிதத்துக்கும் உள்ள ஒட்டுறவைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டார்கள். அடியில் இருந்த தரவு ஒன்றேதான், சேர்க்கும் விதத்தை மட்டும் மாற்றியதில் விடை கிட்டத்தட்ட -1 (ஒன்று கூடினால் மற்றது குறையும்) முதல் +1 (இரண்டும் சேர்ந்தே கூடும்) வரை எங்கே வேண்டுமானாலும் போனது. நகர்வுக் கணக்கில் இது இன்னும் மோசம், ஏனென்றால் மண்டலம் பெரிதானால் அதற்குள்ளேயே முடிந்துவிடும் பயணங்கள் கணக்கிலிருந்தே காணாமல் போகும். நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும்தான் முதலில் மறைவார்கள்.

அதனால் குறைந்தது இரண்டு விதமாக மண்டலம் பிரித்து எல்லாக் கணக்கையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் நிற்காத முடிவை அறிக்கையில் சேர்க்காதீர்கள். அப்புறம் வட்டாரத்தின் வாசல்கள் எவை என்று தனியாகப் பட்டியல் எடுங்கள்: துறைமுகம், மலைக்கணவாய், பெரிய சந்திப்பு, சோதனைச் சாவடி. வெளியிலிருந்து வருவது எல்லாம் அங்கேதான் நுழைகிறது, பல நேரம் அங்கே பெயரும் மாறிவிடுகிறது. ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி வேறு ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் சரக்கு நெதர்லாந்தின் வணிகக் கணக்கில் ஏறிவிடுவதால் அந்த நாட்டு எண்கள் ஊதிப்போய்த் தெரிவதை ராட்டர்டாம் விளைவு என்றே சொல்கிறார்கள். உங்கள் வட்டாரத்திலும் அளவில் சின்னதாக அப்படி ஓர் இடம் இருக்கும்.

ஒன்றின் பின்னாலேயே போங்கள்

இந்த வேலைக்குத்தான் நேரம் அதிகம் ஒதுக்கவேண்டும், இதைத்தான் பலரும் வெட்டிவிடுகிறார்கள். ஒரு மூட்டையை, ஒரு கூடையை, ஒரு பார்சலைத் தேர்ந்தெடுத்து அது கிளம்பும் இடத்திலிருந்து கடைசியாக ஒருவர் கையில் போய்ச் சேரும்வரை கூடவே போங்கள். பொறியாளரும் மானிடவியல்காரரும் ஒரே வண்டியில் போகவேண்டும், தனித்தனியாகப் போனால் பிரயோஜனமில்லை. ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரத்தைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே நின்றது, யாருக்காகக் காத்திருந்தது, அங்கே யார் யாரிடம் காசு கொடுத்தார்கள், எந்தக் காகிதம் கை மாறியது, பெரிய வண்டியிலிருந்து சின்ன வண்டிக்கு மாற்றியபோது சரக்கு பிரிந்ததா சேர்ந்ததா, இரவு எங்கே கிடந்தது. ஜிபிஎஸ் இந்தக் காத்திருப்பை ஒரே புள்ளியின் மேல் குவிந்த புள்ளிகளாகக் காட்டும். அந்தக் குவியலுக்குள் கடன், நம்பிக்கை, பயம், சாப்பாடு, தூக்கம், அனுமதி எல்லாம் இருக்கிறது, அதைப் பார்க்க ஆள்தான் போகவேண்டும்.

திரும்பிவரும் வண்டியையும் விடாதீர்கள். போகும்போது என்ன ஏற்றினார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள், வரும்போது என்ன வந்தது என்று கேட்பவர் குறைவு. ஆனால் வாடகை நிர்ணயமாவதே அங்கேதான். திரும்பும் வழியில் சரக்கு கிடைக்கும் என்று தெரிந்தால் டிரைவர் குறைத்து வருவார், காலியாக வரவேண்டியிருந்தால் இரண்டு வழிக்கும் சேர்த்துப் போகிற சரக்கின் தலையில் வைப்பார். அதே காலி இடத்தில்தான் ஆட்களும் ஏறி வருகிறார்கள். சரக்கு லாரி என்று கணக்கில் எழுதப்பட்ட வண்டியில் மூன்று பேர் வேலை தேடிப் போய்க்கொண்டிருப்பார்கள், பயணிகள் பஸ் என்று எழுதப்பட்டதன் கூரையிலும் அடிப்பெட்டியிலும் பாதிச் சந்தை போய்க்கொண்டிருக்கும். ஆளுக்கு ஓர் ஆய்வு, சரக்குக்கு ஓர் ஆய்வு என்று பிரித்து வைத்தவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது.

பேசும்போது "ஏன் இந்த வழியில் வருகிறீர்கள்" என்று நேரடியாகக் கேட்டால் பழக்கம் என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேட்கலாம். ஸ்வீடன் புவியியலாளர் டோர்ஸ்டென் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் வெளியான கட்டுரையில் மனிதர்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துபவற்றை மூன்றாகப் பிரித்தார்: உடம்பும் கையில் உள்ள வாகனமும் அனுமதிக்கும் தூரம், இன்னொருவரோடு ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கவேண்டிய கட்டாயம், உள்ளே விடலாமா கூடாதா என்று முடிவு செய்யும் அதிகாரம். இதையே கேள்விகளாக்குங்கள். எத்தனை மணிக்குள் திரும்பியாக வேண்டும், யார் வந்தால்தான் கிளம்ப முடியும், எந்த இடத்தில் உங்களை நிறுத்துவார்கள். பதில்கள் தானாக நீளும். போகாதவர்களையும் தேடிப்பிடித்துக் கேளுங்கள், வழியில் நிற்பவர்களை மட்டும் கேட்டால் போக முடிந்தவர்களின் கதைதான் கிடைக்கும்.

ஏற்கெனவே இருக்கும் தரவு

ஒவ்வொரு தரவுக்கும் மேலே "இதில் யார் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் கோப்பைத் திறக்கவேண்டும்.

சுங்கத் தரவில் பொருள்களுக்கான குறியீடு உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைவு முறை. 1988 முதல் நடப்பில் இருக்கிறது, முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்குமேல் அந்தந்த நாட்டின் இஷ்டம். ஒரு நாடு அனுப்பியதாகச் சொல்வதும் எதிர்நாடு வாங்கியதாகச் சொல்வதும் பெரும்பாலும் பொருந்தாது. ஏற்றுமதியைப் பொதுவாகக் கப்பலில் ஏற்றும்வரை உள்ள மதிப்பிலும், இறக்குமதியைக் கப்பல் கூலி, காப்பீடு சேர்த்த மதிப்பிலும் எழுதுகிறார்கள் என்பதே ஒரு காரணம். இடைவெளியைப் பார்த்ததும் கடத்தல் என்று குதித்துவிடக்கூடாது.

கப்பல்களின் இடத்தைச் சொல்லும் ஏஐஎஸ் கருவி, சர்வதேசப் பயணம் செய்யும் 300 மொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் கட்டாயம். சிறிய மீன்பிடிப் படகும் நம்முடைய உதாரணத்துப் படகுத்துறையும் அந்த வரைபடத்தில் வெறும் தண்ணீர்தான்.

போன் தரவின் பலம் வேகம். 2010இல் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது ஏறக்குறைய 19 லட்சம் சிம் கார்டுகளின் இருப்பிடத்தை வைத்துத் தலைநகரிலிருந்து மக்கள் எங்கெல்லாம் போனார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள், வேறு எந்த வழியிலும் அவ்வளவு சீக்கிரம் அது கிடைத்திருக்காது. ஆனால் சிம் என்பது ஆள் இல்லை. ஒருவர் இரண்டு சிம் வைத்திருப்பார், ஒரு வீட்டுக்கே ஒரு போன் இருக்கும், குழந்தைகளும் ரொம்ப வயதானவர்களும் இருக்கவே மாட்டார்கள்.

தரவே இல்லை என்று கைவிரிப்பதற்கு முன் வேறு எது நகர்ந்திருக்கிறது என்று யோசியுங்கள். டிர்க் புரோக்மனும் கூட்டாளிகளும் 2006இல் அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு இணையதளத்தில் மக்கள் பதிந்துவைத்த டாலர் நோட்டுகளின் எண்களைக் கொண்டு மனிதர்களின் பயண தூரங்களைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். நோட்டு தானாக நடக்காதே, யாரோ பையில் வைத்துத்தானே கொண்டுபோயிருக்கவேண்டும். தொல்லியல்காரர்களிடம் இதைவிட விசேஷமான வழி இருக்கிறது: சின்ன வயதில் குடித்த தண்ணீரின் சுவடு பல் எனாமலில் ஐசோடோப்பாக, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களாக, தங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்தில் கிடைத்த, 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புக்கூட்டுக்குரிய ஏம்ஸ்பரி வில்லாளி ஆல்ப்ஸ் மலைப் பக்கம் வளர்ந்தவர் என்று சொன்னது அவருடைய பல்தான். பழங்காலப் பாதைகளில் ஆர்வமிருந்தால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆர்பிஸ் தளத்தைப் பாருங்கள், ரோமப் பேரரசுக்குள் எந்தப் பருவத்தில் எந்த வழியில் போனால் எத்தனை நாள், என்ன செலவு என்று கணக்கிட்டுக் காட்டும். தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுவதைவிட நாளிலும் காசிலும் எழுதுவது எவ்வளவு வேறு மாதிரி என்று அதைப் பார்த்தாலே விளங்கும்.

மாதிரி கட்டும்போது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பாடப்புத்தகங்களில் நிறைய இருக்கிறது. தொடக்கத்துக்கு ஈர்ப்பு மாதிரி போதும்: இரண்டு ஊரின் அளவு பெரிதானால் இடையே போக்குவரத்து அதிகம், தூரம் கூடினால் குறைவு. அதை முடிவாக எடுக்காமல் எதிர்பார்ப்பாக வைத்துக்கொண்டு, எந்த ஜோடி ஊர்கள் அந்தக் கணக்குக்கு ஒத்துவராமல் துருத்திக்கொண்டிருக்கின்றனவோ அங்கே ஆளை அனுப்புங்கள். மாதிரி தவறுகிற இடம்தான் வரலாற்றுக்காரருக்கும் மானிடவியல்காரருக்கும் வேலை இருக்கிற இடம். அமெரிக்காவில் 1950களில் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் உருவாகி உலகமெங்கும் பரவிய நான்கு படி மாதிரியை (எத்தனை பயணம், எங்கே, எந்த வண்டியில், எந்தச் சாலையில் என்று படிப்படியாகக் கணிப்பது) எடுப்பதானால், அது நெடுஞ்சாலை திட்டமிடப் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள். சாலை போட்டால் போக்குவரத்து அதற்கேற்பப் பெருகும் என்பது அதற்குள் தானாக வராது. கில் டுராண்டனும் மேத்யூ டர்னரும் 2011இல் அமெரிக்க நகரங்களைப் பார்த்துவிட்டு, மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலை எவ்வளவு விகிதம் கூடுகிறதோ வண்டிகள் ஓடும் தூரமும் ஏறக்குறைய அதே விகிதம் கூடுகிறது என்றார்கள். டீட்ரிஷ் பிரேஸ் 1968இலேயே, புதிதாக ஒரு சாலையைச் சேர்த்தால் எல்லாருடைய பயண நேரமும் கூடிவிடக்கூடிய வலைப்பின்னல் உண்டு என்று கணக்கில் காட்டிவிட்டார்.

குழுவுக்குள்

பொது நாட்குறிப்பு ஒன்று வையுங்கள், எல்லாரும் எழுத, எல்லாரும் படிக்க. முதலில் சொன்ன அந்த ஒரு பக்கத் தாளை மாற்றினால் தேதியோடு மாற்றுங்கள், பழையதை அழிக்காதீர்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள், துறைக்குத் துறை வழக்கம் வேறு, கடைசிப் பெயர் சிலருக்குப் பெருமை, சிலருக்கு அவமானம். களத்தில் கூடவே வந்து வழிகாட்டி மொழிபெயர்த்த ஆளின் உழைப்புக்கும் அந்த வரிசையில் என்ன இடம் என்று அப்போதே முடிவு செய்யுங்கள். கருத்து ஒத்துப்போகாத இடங்களை மழுப்பி ஒரே வாக்கியமாக்குவதைவிட, பொறியாளர் இப்படிச் சொல்கிறார், களத்தில் இப்படித் தெரிகிறது என்று இரண்டையும் எழுதிவிடுவது படிக்கிறவருக்கு உதவும்.

யாருக்கு ஆபத்து

பெயரை எடுத்துவிட்டோம், இனி யாரென்று தெரியாது என்று நினைப்பது தப்பு. 2013இல் இவ்-அலெக்சாந்தர் தெ மோன்ட்ஜாயும் கூட்டாளிகளும் 15 லட்சம் பேரின் போன் தரவை ஆராய்ந்து, இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளி தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டினார்கள். அதனால் தனி ஆள் தடத்தை வெளியிடவே கூடாது, தொகுத்த எண்களிலும் ரொம்பச் சின்ன எண்கள் வரும் கட்டங்களை மூடிவிடுங்கள். இன்னொரு ஆபத்து சட்டத்துக்கு வெளியே அல்லது ஓரத்தில் இருக்கிற வழிகள். அந்தப் படகுத்துறைக்கு அனுமதி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அழகான வரைபடம் வெளியான அடுத்த மாதமே அதை மூடிவிடலாம். எதை வரைபடத்தில் போடுவது, எதைப் பொதுவாகச் சொல்லி நிறுத்துவது என்று முன்கூட்டியே, அந்த வழியில் பிழைப்பவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

வரைபடம்

ஹென்றி ஹார்னஸ் 1837இலேயே அயர்லாந்து ரயில் பாதைத் திட்டத்துக்காகப் பயணிகளும் சரக்கும் போகிற அளவைக் கோட்டின் தடிமனால் காட்டிவிட்டார், நாம் இன்றும் ஏறக்குறைய அதையேதான் க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்கிறோம். தடித்த கோடு கண்ணைக் கவரும், கூடவே ஒரு பொய்யும் சொல்லும்: வருஷம் முழுக்க ஒரே சீராக ஓடுகிற மாதிரி தெரியும். மழைக்காலத்துக்கு ஒன்று, வறண்ட காலத்துக்கு ஒன்று, முடிந்தால் இரவுக்குத் தனியாக ஒன்று என்று வரையுங்கள். காத்திருக்கும் இடங்களுக்கு வட்டம் போட்டு, வட்டத்தின் அளவைக் காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப வையுங்கள். எண்ணிப் பார்த்த கோடும் மாதிரி கணித்த கோடும் ஒரே நிறத்தில் இருக்கக்கூடாது. அச்சுக்குப் போவதற்கு முன் பெரிய தாளில் ஒரு பிரதி எடுத்து, அந்த வழியில் ஓட்டுகிற டிரைவர்களும் சுமை தூக்குகிறவர்களும் படகுக்காரர்களும் கூடும் இடத்துக்குக் கொண்டுபோய் விரித்து வைத்து, பேனாவை அவர்கள் கையில் கொடுங்கள். "இந்த ரோட்டில் யாரும் போவதில்லை", "இங்கே நீங்கள் போட்டதைவிட இரண்டு மடங்கு நேரம் நிற்போம்" என்று அவர்கள் கிறுக்குவதைப் புகைப்படம் எடுத்து, தேதி போட்டு, தரவோடு சேர்த்துச் சேமியுங்கள். அவர்களுக்குள்ளேயே சொல்வது முரண்பட்டால் அந்த இடத்துக்கு மறுபடி ஒரு நாள் போய் எண்ணிவிட்டு வந்து, அப்புறம் கோட்டைப் போடுங்கள்.